தம்பிக்கு, ராத்திரி மூன்று சமையல் வேண்டாம்

அன்புள்ள தம்பி,

நேற்று ராத்திரி பத்தரைக்கு நீ போன் செய்தபோது முதலில் கேட்டது பாத்திரம் உருளும் சத்தம். அப்புறம்தான் உன் குரல். "அக்கா, இன்னைக்கு மூணு சமையல்" என்றாய். உனக்கும் உன் மனைவிக்கும் புளிக்குழம்பு. அத்தைக்கு வயிற்றுப்புண் என்பதால் புளியில்லாமல் ஒரு பருப்பு. பாப்பாவுக்குத் தயிர்சாதமும் உருளைக்கிழங்கும். அவளும் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, சாதத்தில் கறிவேப்பிலை கிடக்கிறது என்று தட்டைத் தள்ளிவிட்டாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய், ஆனால் உன் சிரிப்பு எனக்குத் தெரியாதா? போனில் பாதிதான் பேச முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன். உன்னை மாதிரி அடுப்படியில் மாட்டிக்கொண்ட வேறு யாராவது படித்தாலும் நல்லதுதான்.

முதலில் நம் வீட்டுக் கதை. அப்பாவுக்குப் பாகற்காய் வாசமே ஆகாது. பூசணிக்காய் போட்ட சாம்பாரைத் தொட மாட்டார். அதற்கு நாம் 'அப்பா நாக்கு அப்படி' என்று பேர் வைத்திருந்தோம். நீ பத்தாம் வகுப்பு வரை வெண்டைக்காயைத் தட்டு ஓரத்தில் ஒதுக்கினாய். அதற்குப் பேர் அடம், முதுகில் ஒன்றும் விழும். அம்மாவுக்கு என்ன பிடிக்காது என்று யோசித்துப் பார், உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியாது. மிஞ்சியதைத்தான் அவள் சாப்பிட்டாள். ஆகவே உன் வீட்டில் ஒரு பிள்ளை மட்டும்தான் 'பார்த்துப் பார்த்துச் சாப்பிடுகிற ஆள்' என்று நினைக்காதே. எல்லோரும் அப்படித்தான். பாப்பாவுக்கு மட்டும் தானாகச் சமைத்துக்கொள்ளவோ வெளியே வாங்கிக்கொள்ளவோ வழியில்லை.

சரி, அடுப்புக்கு வருவோம். மூன்று சமையல் வேண்டாம், ஒரே சமையலைச் சரியான இடத்தில் பிரித்தால் போதும். குக்கரில் துவரம்பருப்பை மஞ்சளும் பெருங்காயமும் போட்டு வேக வை. புளி ஊற்றுவதற்கு முன்னால் இரண்டு கரண்டி பருப்பைக் கிண்ணத்தில் எடுத்துவிடு. அதில் உப்பும் நெய்யும் விட்டால் அத்தைக்கும் ஆயிற்று, பாப்பாவுக்கும் ஆயிற்று. மிச்சத்தில் புளி, சாம்பார் பொடி, காய். பொரியலும் அப்படித்தான். காய் வெந்ததும் அவள் பங்கை எடுத்து வைத்துவிட்டு அதன்பிறகு தேங்காயும் மிளகாயும் போடு. தாளிப்பைக் கடைசியில் தனிக் கரண்டியில் செய்து பெரியவர்கள் பாத்திரத்தில் மட்டும் கொட்டு, கறிவேப்பிலைத் தகராறே இல்லை. நம் சாப்பாடு முதலிலிருந்தே சோறு, பருப்பு, குழம்பு, தொட்டுக்க என்று பிரித்துத்தானே வைத்திருக்கிறது. நாம்தான் எல்லாவற்றையும் பிசைந்து உருட்டி, 'வாயைத் திற' என்கிறோம். சில பிள்ளைகளுக்கு அந்தப் பிசைந்த கோலமே ஆகாது. பாப்பாவுக்கு ஒருநாள் சோறு ஒரு பக்கம், பருப்பு ஒரு பக்கம், அப்பளம் ஒரு பக்கம் என்று ஒன்றையொன்று தொடாமல் வைத்துப் பார்.

தட்டில் அவள் கண்டிப்பாகச் சாப்பிடுகிற பண்டம் ஒன்றாவது இருக்கட்டும். தயிர்சாதமோ உருளைக்கிழங்கோ, எதுவானாலும் சரி. அதன் பக்கத்தில் அன்றைக்கு வீட்டில் செய்த காய் ஒரு ஸ்பூன், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல். பிள்ளைகள் ஒரு புதுச் சுவையை ஏற்றுக்கொள்ள எட்டு, பத்து, சில சமயம் பதினைந்து தடவைகூட அதைப் பார்க்கவும் ருசிக்கவும் வேண்டியிருக்கும் என்று ஆராய்ச்சிகள் சொல்கின்றன. நாம் மூன்றாம் தடவையே 'அவளுக்குப் பீன்ஸ் பிடிக்காது' என்று முடிவு கட்டி வாங்குவதை நிறுத்திவிடுகிறோம்.

எல்லின் சாட்டர் என்று அமெரிக்காவில் ஓர் ஊட்டச்சத்து நிபுணர். அவர் சொன்ன கணக்கு எனக்குப் பிடிக்கும்: என்ன சாப்பாடு, எப்போது, எங்கே என்பது பெரியவர்கள் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது பிள்ளை பொறுப்பு. நம் வீடுகளில் இது அப்படியே தலைகீழ். மெனு பிள்ளை கையில், அளவு நம் கையில்.

வற்புறுத்துவதைப் பற்றி நான் சொன்னால் நீ நம்ப மாட்டாய், ஏனென்றால் வற்புறுத்துவதில் நான் பெரிய ஆள். என் பெரிய பையனுக்கு அப்போது ஐந்து வயது. எண்ணெய்க் கத்தரிக்காய் வைத்திருந்தேன். "தட்டு காலியாகாம எந்திரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதுகொண்டே இரண்டு துண்டு விழுங்கினான், அடுத்த நிமிடம் தரையெல்லாம் வாந்தி. அதற்கும் திட்டினேன். போன வருஷம், அவனுக்குப் பதினாறு வயதில், ஏதோ பேச்சுவாக்கில் சொல்கிறான்: "கத்தரிக்காய் சாப்பிட்டா நாக்கு நமநமன்னு அரிக்கும்லாம்மா, அது எனக்குப் பிடிக்காது." நமக்கெல்லாம் அரிக்காது என்றேன். அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். எல்லோருக்கும் அரிக்கும், மற்றவர்கள் பொறுத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள் என்றே பதினோரு வருஷமாக நினைத்திருக்கிறான். கத்தரிக்காய் சிலருக்கு ஒவ்வாது என்பது எனக்கும் தெரிந்ததுதான். என் மடியில் வளர்ந்தவனிடம் மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

அதனால் 'ஏன் சாப்பிட மாட்டேங்கிற?' என்று கேட்காதே. 'இதுல என்ன பிடிக்கல?' என்று கேள், அதையும் சாப்பாட்டு நேரத்தில் கேட்காதே. வழவழப்பா, வாசமா, விதையா, சூடா? உன் வெண்டைக்காய்க்குக் காரணம் அந்த வழவழப்புதானே. கழுவித் துணியால் ஒற்றி, ஈரம் போனபின் நறுக்கி, இரும்புச் சட்டியில் மூடாமல் வதக்கி, ஒரு கரண்டி மோர் தெளித்து, உப்பைக் கடைசியில் போட்டால் வழவழப்பு போய்விடும். இதைக் கல்யாணத்துக்கு அப்புறம்தான் நான் கற்றுக்கொண்டேன். அம்மா மூடி போட்டு வேகவைப்பாள், பாவம் நீ.

கசப்பும் இதே கதைதான். 1931இல் ஆர்தர் ஃபாக்ஸ் என்கிற வேதியியலாளரின் ஆய்வுக்கூடத்தில் ஒரு பொடி காற்றில் பறந்தது. கூட வேலை பார்த்தவர் "ஐயோ, கசப்பு" என்றார். ஃபாக்ஸ் வாயில் போட்டுப் பார்த்தார், ஒரு சுவையும் இல்லை. பொடி ஒன்றுதான், நாக்குதான் வேறு, அது பிறவியிலேயே வருவது என்று பின்னால் தெரிந்தது. அப்பாவின் பாகற்காயை நினைத்துக்கொண்டேன்.

"ஒண்ணுமே சாப்பிடுறதில்ல" என்கிறாயே, அதையும் கொஞ்சம் கணக்குப் பார். பிறக்கும்போது மூன்று கிலோ இருக்கிற குழந்தை ஒரு வயதில் ஏறக்குறைய ஒன்பது கிலோ ஆகிவிடுகிறது. அதற்கப்புறம் வருஷத்துக்கு இரண்டு கிலோ கூடினாலே சரியான வளர்ச்சி. பசி குறைவது இயல்பு. இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புது உணவைக் கண்டு மிரளுவதும் இயல்பு. பாப்பாவுக்கு நாலு வயது, நடுவில் நிற்கிறாள். இன்னொன்று, சாயங்காலம் ஆறரைக்கு ஒரு பெரிய டம்ளர் பால் குடிக்கிறாளே, அதோடு இரண்டு பிஸ்கட்டும். எட்டு மணிக்கு எங்கிருந்து பசிக்கும்? ஒரு நாளைக்கு மொத்தமே அரை லிட்டர் பாலுக்கு மேல் தேவையில்லை. அந்த டம்ளரை நாலரைக்கு நகர்த்து. மொபைலைக் காட்டி ஊட்டுவதைப் பற்றி நான் பேசவே போவதில்லை, நீயே நிறுத்திவிடுவாய்.

எடை குறைந்தால், சாப்பிடுகிற பண்டங்களின் எண்ணிக்கை மாதாமாதம் சுருங்கிக்கொண்டே வந்தால், விழுங்கும்போதெல்லாம் ஓங்கரித்தால், என் கடிதத்தை மூடிவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் போ. அது வேறு விஷயம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். அத்தை கூட்டாஞ்சோறு கேட்டார்களாம், நான் வந்து செய்கிறேன். முருங்கைக்கீரை மட்டும் வாங்கி வை, பாப்பாவை உருவச் சொல், கொட்டினால் கொட்டட்டும். எல்லாம் ஒன்றாய்க் கலந்த சோறு என்பதால் அவள் தொட மாட்டாள், எனக்குத் தெரியும். அவளுக்குக் கொஞ்சம் வெறும் சோறும் தயிரும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். வடகம் பொரித்ததும் நாலைந்தை ஒளித்து வை, இல்லாவிட்டால் பந்தி போடுவதற்கு முன்னாலேயே நீ தின்று தீர்த்துவிடுவாய்.

அன்புடன்,
அக்கா