கேபிள் கரையேறிய மறுநாள்: கடற்கரை அனுமதி வழங்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

கடலோர நிர்வாகம், துறைமுகம், சுற்றுச்சூழல், உள்ளாட்சி ஆகிய துறைகளின் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நாடுகளுக்கிடையே இணையத்தைச் சுமக்கும் கடலடி கேபிளைக் கரைக்கு இழுத்துச் சேர்க்க, கடல் ஒத்துழைத்தால், ஒரு பகல் போதும். அந்தக் கேபிளோ 25 ஆண்டுகள் உழைக்கும்படி செய்யப்படுகிறது. உங்கள் அனுமதி ஆணைகள் பெரும்பாலும் அந்த ஒரு பகலைத்தான் பேசுகின்றன: எந்திரம் எத்தனை மணிக்கு மணலில் இறங்கலாம், வேலி எங்கே போட வேண்டும், குழியை எப்போது மூட வேண்டும். மறுநாளிலிருந்து என்ன என்று தேடினால் ஒரு வரி கிடைப்பதில்லை. கேபிளைக் கரையேற்றுவதும் அறுந்தால் போய் ஒட்டுவதும் எங்கள் தொழில் என்பதால், விடுபட்டுப்போன அந்த 25 ஆண்டுகளைப் பற்றி எழுதுகிறோம்.

ஆழ்கடலில் கிடக்கும் கேபிளின் விட்டம் சுமார் 17 முதல் 20 மி.மீ. கரையை நெருங்க நெருங்க இரும்புக் கம்பிக் கவசம் ஒரு சுற்று, பிறகு இரண்டு சுற்று என்று ஏறி 40, 50 மி.மீ. வரை போகும். பருப்பது கவசம் மட்டும்தான். கரையில் இவ்வளவு கவசம் எதற்கு என்றால், ஆபத்து இங்கேதான் அதிகம். உலகம் முழுக்க ஆண்டுக்கு 150 முதல் 200 பழுதுகள் நேர்கின்றன. அவற்றில் 70 முதல் 80 விழுக்காடு மீன்பிடிக் கருவிகளாலும் நங்கூரங்களாலும் வருபவை. பெரும்பாலும் 200 மீட்டருக்குக் குறைவான ஆழத்தில் நடப்பவை. சுறா கடித்த கதையைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். கணக்கில் அதற்கு இடமே இல்லை.

இது தந்தி காலத்திலேயே புரிந்த சங்கதி. 1870இல் பிரிட்டனிலிருந்து பம்பாய் வரை நீண்ட தந்தித் தொடரின் கேபிளை முதலில் இங்கிலாந்தின் ஃபால்மத் துறைமுகத்தில் கரையேற்ற நினைத்தார்கள். கப்பல்களின் நங்கூரத்துக்குப் பயந்து, போர்த்கர்னோ என்ற ஒதுக்குப்புறமான சிறு மணற்கரைக்கு மாற்றினார்கள். துறைமுக வாய்க்கு அருகே “காலியாக இருக்கிறதே” என்று எங்களுக்கு இடம் ஒதுக்கும்போது இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். நங்கூரத் தளம், ஆற்று முகத்துவாரம், மணல் அள்ளும் பகுதி மூன்றும் இல்லாத, அடியில் மணலுள்ள கரைதான் வேண்டும். கடலடிப் பாறையான பார் நிறைந்த கரை கடைசித் தேர்வு.

இழுக்கும் நாளைப் பற்றி ஆணைகளில் நிறையவே இருக்கிறது. ஆனால் அதில் உள்ளவை நடைமுறையோடு ஒட்டவில்லை. கப்பல் 10 முதல் 15 மீட்டர் ஆழத்தில், அடித்தரை எவ்வளவு சரிகிறது என்பதைப் பொறுத்துச் சில நூறு மீட்டரோ ஓரிரு கிலோமீட்டரோ தள்ளி நிற்கும். சிறு படகு முன்கயிற்றைக் கரைக்குக் கொண்டுவரும். கப்பலிலிருந்து கேபிள் இறங்க இறங்க, சில மீட்டருக்கு ஒரு மிதவையாகக் கட்டி விடுவார்கள். கரையில் விஞ்சோ எக்ஸ்கவேட்டரோ இழுக்கும். நுனி, கரையில் புதைத்த கான்கிரீட் அறையான மேன்ஹோலுக்குள் வந்ததும் இணைப்புக்குத் தேவையான நீளத்தை எடுத்துக்கொண்டு, கவசக் கம்பிகளைப் பிரித்து, சுவரில் பதித்த இரும்புத் தகட்டில் இறுகக் கவ்வ வேண்டும். அது முடியும்வரை ஒரு மிதவையையும் அறுக்கக் கூடாது. பிறகுதான் டைவர்கள் கரையிலிருந்து கடல்நோக்கி மிதவைகளை ஒவ்வொன்றாக அறுத்துப் போவார்கள். கேபிள் தடத்தில் படியும். கரையோர நீரோட்டம் வலுத்திருந்தால் மிதக்கும் கேபிள் வில்லாக வளைந்து, அனுமதித்த தடத்துக்கு வெளியே போய் உட்கார்ந்துவிடும். அவசரப்பட்டு இழுத்தால் வளைவு இறுகும். இரட்டைக் கவசக் கேபிளை சுமார் ஒன்றரை மீட்டர் ஆரத்துக்குள் மடக்கினால் உள்ளே தரவைச் சுமக்கும் ஒளியிழைக்குக் கேடு. ஆகவே ஒரே ஒரு தேதியைக் குறித்து அனுமதி தராதீர்கள். அமைதியான பருவத்தில் மூன்று நான்கு வாரம் கொடுத்து, அதற்குள் நாளைத் தேர்ந்தெடுக்க விடுங்கள். ஆமை முட்டையிடும் காலத்தை விலக்குவது நியாயம். அதை முதலிலேயே சொல்லுங்கள், கப்பல் கிளம்பிய பிறகல்ல.

அதன் பின் டைவர்கள் அலை உடையும் பகுதி முழுக்கக் கேபிளுக்கு வார்ப்பிரும்புப் பிளவுக் குழாய் பூட்டுவார்கள். ஒவ்வொரு துண்டும் அரை மீட்டர் அளவு, இரண்டு பாதிகள், ஒன்றோடொன்று கோத்து வளையக்கூடியவை. மணலில் தண்ணீர்ப் பீச்சியால் ஒன்றிரண்டு மீட்டர் ஆழத்துக்குப் புதைப்பார்கள். பாறை என்றால் குழாயைக் கவ்விகளால் பாறையோடு பிணைக்க வேண்டும். இந்த வேலைக்கு இழுப்பு நாளைவிடப் பல மடங்கு நாள் பிடிக்கும். இழுப்பு முடிந்ததோடு அனுமதியும் காலாவதியாகிவிட்டால் குழாய் பாதியில் நிற்கும்.

கடற்கரையைத் தோண்டாமல், மணல்மேட்டுக்குப் பின்னாலிருந்து சாய்வாகத் துளையிட்டு, 10 மீட்டர் ஆழத்திலோ அதற்கு அப்பாலோ கடலுக்குள் வெளியேறும் முறை நல்லது. அரிப்புக்கும் ஆள்நடமாட்டத்துக்கும் கீழே கேபிள் போய்விடும். ஆபத்து, துளைச் சேற்றில். துளையிட உள்ளே செலுத்தும், பென்டோனைட் என்ற களிமண் கலந்த சேறு அழுத்தம் தாளாமல் மண் விரிசல் வழியே மேலே பொங்கும். அனுப்பிய சேறும் திரும்பிய சேறும் எவ்வளவு என்று மணிக்கு மணி எழுதவைக்க வேண்டும். திரும்புவது சட்டென்று குறைந்தால் துளையிடுவதை நிறுத்த வேண்டும். 2020 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில், டியேரா டெல் மார் கரையில் துளைக்குழாய் உடைந்து, 300 மீட்டருக்கு மேற்பட்ட குழாயும் துளைமுனையும் ஆயிரக்கணக்கான லிட்டர் சேறும் கடலடியிலேயே விடப்பட்டன. உள்ளே என்னென்ன கைவிடப்பட்டது என்பது வாரங்கள் கழித்தே அதிகாரிகளுக்குத் தெரிந்தது. “உடைந்தால் 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், விட்டுப்போனால் இன்ன பிணைத்தொகை” என்று இரண்டு வரி ஆணையில் சேர்க்க எங்களில் யாரும் எதிர்ப்புச் சொல்ல மாட்டோம்.

இப்போது மறுநாளுக்கு வருகிறோம்.

மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. அமைதியான பருவத்தில் அளந்து “இரண்டு மீட்டர் ஆழம்” என்று எழுதிய இடத்தில், புயல் பருவம் ஒன்றரை மீட்டரைச் சுரண்டிக்கொண்டு போகும். புதைக்கும் ஆழத்தை, மணல் மிகவும் இறங்கியிருக்கும் நிலையிலிருந்து கணக்கிட வேண்டும். அது போதாதென்று, நாலைந்து ஆண்டு கழித்துப் பக்கத்தில் ஒரு தூண்டில் வளைவுக்கு, அதாவது கடலுக்குள் நீளும் கல்தடுப்புக்கு, அனுமதி தருகிறீர்கள். அதன் ஒருபக்கம் மணல் சேரும், மறுபக்கம் கரை அரிக்கும். அரிக்கும் பக்கத்தில் எங்கள் கேபிள் இருக்கும். இரண்டு கோப்பும் ஒரே அலுவலகத்தில், இரண்டு மேசையில்.

வெளியே வந்த கேபிள் இரண்டு பாறைகளுக்கிடையே தொங்கினால் ஒவ்வொரு அலைக்கும் ஆடும். கவசக் கம்பி ஒவ்வொன்றாகத் தேய்ந்து அறும், பிறகு பாலித்தீன் உறை கிழியும். உள்ளே செம்புக் குழாயில், வழியிலுள்ள ஒளிப்பெருக்கிகளை இயக்க, சுமார் ஓர் ஆம்பியர் நேர்மின்சாரம் (டி.சி.) ஓடுகிறது. நீண்ட கேபிள்களில் மின்னழுத்தம் 10,000 வோல்ட்டையும் தாண்டும். ஒரு கரையிலிருந்து பிளஸ் மின்னழுத்தம், மறு கரையிலிருந்து மைனஸ். உறை கிழிந்து கடல்நீர் செம்பைத் தொட்டதும் அந்த இடமே பூஜ்ய வோல்ட் ஆகிவிடும். ஆனால் தொடர்பு அறாது. இரு கரை மின்னூட்ட எந்திரங்களும் பழுதுக்கு ஏற்பத் தங்கள் அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும். கரையருகே பழுது என்றால் இந்தப் பக்க எந்திரம் ஏறக்குறைய சும்மா இருக்க, எதிர்க்கரை எந்திரம் முழுப் பாரத்தையும் சுமக்கும்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒழுங்காக ஓடுவதாகத் தோன்றும். உள்ளுக்குள் செம்பு அரித்துக்கொண்டிருக்கும். அந்தச் சில நாள்களோ வாரங்களோதான் எங்களுக்குக் கிடைக்கும் அவகாசம். அதற்குள் கப்பலைக் கொண்டுவந்தால் பயனாளர் எவருக்கும் தெரியாமல் சரிசெய்யலாம். அந்த அவகாசத்தைத்தான் பழுதுநீக்க அனுமதிக்கான கோப்பு தின்றுவிடுகிறது. கப்பல் வந்துசேரும் நாள்களைவிட அனுமதிக்குக் காத்திருக்கும் நாள்கள் அதிகமாகும்போது, “ஏன் இன்னும் இணையம் வரவில்லை” என்ற கேள்வியை எங்களிடம் கேட்டுப் பயனில்லை. முதல் அனுமதியிலேயே பழுதுநீக்கத்தையும் சேர்த்துத் தாருங்கள்: கப்பல் பெயர், தேதி, இடம் மூன்றையும் தெரிவித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம் என்று. 12 கடல் மைலுக்குள் நிபந்தனை விதிக்கும் உரிமை கடலோர நாட்டுக்கு இருக்கிறது. அதை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை, முன்கூட்டியே பயன்படுத்தச் சொல்கிறோம்.

இன்னொன்று. பழுதுபார்த்த கேபிள் பழைய கோட்டிலேயே கிடக்க வேண்டும் என்று சில ஆணைகள் சொல்கின்றன. அது நடக்காது. அறுந்த இரு முனைகளையும் கப்பல்தளத்துக்குத் தூக்கி, இடையில் புதுத்துண்டு சேர்த்து ஒட்டுகிறோம். மேலே தூக்கிய நீளம் முழுக்கத் திரும்ப இறங்கும்போது ஒருபக்கமாக வளைந்துதான் படியும். ஏறக்குறைய அங்குள்ள நீரின் ஆழம் அளவுக்கு விலகலாம். தடத்தின் அகலத்தை அதற்கேற்ப விட்டால் போதும். ஆழமில்லாத இடத்தில் கப்பல் வரவே முடியாது. தட்டையான பார்ஜும் டைவர்களும் வேண்டும், அவர்களுக்கும் அந்த அனுமதி பொருந்த வேண்டும்.

மேன்ஹோலைப் பற்றி. மூன்று நான்கு மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் அறை. கடல் கேபிள் முடிந்து, கரையிலுள்ள கேபிள் நிலையத்துக்குப் போகும் இழைக் கேபிளும் மின்கேபிளும் தொடங்கும் இடம். உள்ளே தண்ணீர் தேங்கினால் பதற வேண்டாம், இணைப்புப் பெட்டி அதற்கென்றே அடைக்கப்பட்டது. ஆள் இறங்குமுன் வாயு சோதிப்பதுதான் முக்கியம். எங்களைத் திணறடிப்பது மேலே நடப்பவை: நடைபாதை போடுபவர் மூடியின் மேலேயே கல் பதித்துவிடுவார், பூங்கா அமைப்பவர் மரம் நடுவார். மேன்ஹோலின் துல்லிய ஆயத்தொலைவை உள்ளாட்சியின் நிலத்தடி வரைபடத்தில் ஏற்றி, தோண்டும் ஒவ்வொரு ஒப்பந்ததாரரும் அதைப் பார்த்த பிறகே தொடங்க வேண்டும் என்று வையுங்கள். அருகிலேயே கடல் எர்த் இருக்கும். ஈர மணலில் புதைத்த மின்முனைகள். சுற்று முழுமையடைவது அந்த வழியாகத்தான். அதற்குப் பக்கத்தில் இரும்புக் குழாயோ இரும்புத் தூணோ வந்தால், கசியும் நேர்மின்சாரம் அதை அரித்துவிடும். ஆகவே இது எங்கள் நலன் மட்டுமல்ல.

எல்லாக் கேபிளையும் ஒரே கரையில், முடிந்தால் ஒரே மேன்ஹோலில் சேர்க்கச் சொல்லும் ஆசை புரிகிறது. தொந்தரவு ஓரிடத்தோடு முடியும், காவலும் எளிது. ஆனால் ஒரு நங்கூரம் இழுபட்டால் எல்லாம் ஒன்றாகப் போகும். சிட்னியில் நகரின் வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என இரண்டு பாதுகாப்பு மண்டலங்கள் வைத்திருக்கிறார்கள்; அவற்றுக்குள் நங்கூரமிடுவதும் அடியில் இழுக்கும் வலை போடுவதும் சட்டப்படி குற்றம். சேர்ப்பதும் பிரிப்பதும் ஒருசேர நடக்கிறது. மேன்ஹோலிலிருந்து நிலையத்துக்கும் இரண்டு தனித்தனிப் பாதைகள் வேண்டும். கடலில் பிரித்து வைத்த இரு கேபிள்களைச் சாலையோரம் ஒரே குழாயில் விட்டால், பிரித்ததற்குப் பொருளே இல்லை.

மீனவர்களை எதிரியாக்கி எழுதும் நிபந்தனைகள் வேலைக்கு ஆகா. தடத்தை அவர்களின் ஜி.பி.எஸ். கருவியில் ஏற்றக்கூடிய கோப்பாகக் கொடுங்கள். காகித வரைபடத்தைப் படகில் யார் விரிப்பார்? கேபிளில் நங்கூரமோ வலையோ மாட்டினால் இழுக்காமல், வெட்டாமல், அங்கேயே விட்டுவிடச் சொல்லுங்கள். உள்ளே உயர் மின்னழுத்தம், கப்பிபோட்டு இழுத்தால் படகே கவிழலாம். முன்னெச்சரிக்கையோடு இருந்தும் கேபிளைக் காக்கத் தன் நங்கூரத்தையோ வலையையோ இழந்தவருக்குக் கேபிள் உரிமையாளர் ஈடு தர வேண்டும் என்று 1884ஆம் ஆண்டு உடன்படிக்கையும், ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 115ஆம் பிரிவும் சொல்கின்றன. எங்கே, யாரிடம், எத்தனை நாளில் கேட்பது என்பதை உங்கள் ஆணையில் எழுதவையுங்கள். பணம் உடனே கிடைக்கும் என்று தெரிந்தால் யாரும் கேபிளை வெட்டப் போவதில்லை.

கடைசியாக, ஓய்வுபெற்ற கேபிள்கள். பல கரைகளில் வேலை செய்யாத பழைய கேபிள்கள் பிளவுக் குழாயோடு அப்படியே கிடக்கின்றன; புதிதாக வருபவருக்கு இடமில்லை. அலை உடையும் பகுதியிலிருந்தும் மேன்ஹோலிலிருந்தும் எடுக்கும் பொறுப்பை உரிமையாளரிடம் முதல் நாளே எழுதி வாங்குங்கள். மேலே வேறு கேபிள் குறுக்கே கிடந்தால் மட்டும் இழுக்கவிடாதீர்கள். குறுக்கீட்டுக்கு இருபுறமும் வெட்டி, முனைகளுக்குப் பாரம் கட்டி, வெட்டிய இடங்களைக் கடல் வரைபடத்தில் குறிக்கச் செய்யுங்கள்.

இப்படிக்கு,
கடலடி கேபிள் கரையேற்றம், பழுதுநீக்கப் பணியாளர்கள்