சான்றிதழ் படிக்கும் நர்ஸுக்கு மருத்துவமனை என்ன செய்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை ஐசியுவில் 12 வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன்.

போன மாதம் ஒரு நைட் டூட்டி. விடியற்காலை மூன்றரை மணி இருக்கும், நான்காம் பெட் நோயாளிக்கு இதயத் துடிப்பு நின்றுவிட்டது. டாக்டர் கீழே கேஷுவாலிட்டியில் இருந்தார். என்னுடன் இருந்த ஜூனியர் பெண் கொஞ்சம் குள்ளம், சட்டென்று ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி நின்று நெஞ்சை அழுத்த ஆரம்பித்துவிட்டாள். வாய்விட்டு எண்ணிக்கொண்டே 30 அழுத்தம், நான் ஆம்பு பேகில் (கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கும் பை) 2 மூச்சு, திரும்ப 30. நிமிடத்துக்கு 100 முதல் 120 வரை, குறைந்தது 5 செ.மீ. ஆழம் என்பதெல்லாம் எல்லோரும் காலேஜில் படித்ததுதான், ஆனால் பரீட்சைக்குப் படித்தது அந்த நேரத்தில் கைக்கு வராது. அவளுக்கு வந்தது, ஏனென்றால் இரண்டு மாதம் முன்புதான் பிஎல்எஸ் என்னும் அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிக்குப் போய், பொம்மையின் மேல் தோள் வலிக்க அழுத்திப் பழகிவிட்டு வந்திருந்தாள். நோயாளி பிழைத்து வீட்டுக்குப் போனார்.

அந்தப் பயிற்சிக்கு அவள் போனது சொந்தக் காசில், வார ஓய்வு நாளில். சான்றிதழ் 2 வருடம்தான் செல்லும், அப்புறம் மறுபடி பணம் கட்டவேண்டும். மருத்துவமனைக்குத் தர அங்கீகாரம் தரும் என்ஏபிஎச் ஆய்வுக்கு ஆள் வந்தால் நிர்வாகத்தார் எங்கள் சான்றிதழ்களை ஃபைல் போட்டுக் காட்டுகிறார்கள். சரி, காட்டட்டும். அந்தக் கட்டணத்தையும் அவர்களே கட்டலாமே.

இன்னொன்று. இந்திய நர்சிங் கவுன்சில் தீவிர சிகிச்சை, பச்சிளம் குழந்தை பராமரிப்பு, புற்றுநோய் என்று தனித்தனியாக ஒரு வருட டிப்ளமோ வைத்திருக்கிறது. எங்கள் சிஸ்டர் ஒருவர் ஒரு வருடம் சம்பளமில்லாமல் இருந்து தீவிர சிகிச்சை டிப்ளமோ முடித்தார். திரும்பி வந்ததும் அதே பதவி, அதே சம்பளம், போட்டதோ பொது வார்டில். அதைப் பார்த்த பிறகு எங்களில் வேறு யாரும் விண்ணப்பமே வாங்கவில்லை. படித்தவரை அந்தப் படிப்புக்குரிய வார்டிலேயே வைத்து, மாதம் ஒரு தொகை கூடக் கொடுத்திருந்தால் இந்நேரம் நாலு பேர் முடித்திருப்பார்கள்.

நர்ஸ் பதிவைப் புதுப்பிக்க 5 வருடத்தில் 150 மணி நேரத் தொடர்கல்வி வேண்டும் என்றும் அதே கவுன்சில் சொல்கிறது. நைட் முடித்துத் தூங்காத கண்ணோடு ஞாயிற்றுக்கிழமை எங்கோ ஒரு ஹாலில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவதில் என்ன கற்றுக்கொள்ள முடியும்? வார்டிலேயே, டூட்டி நேரத்திலேயே, மாநில கவுன்சிலின் அனுமதியோடு வகுப்பு நடத்தினால் மணிக்கணக்கும் சேரும், வேலையும் பழகும். அரசு மருத்துவமனைகளுக்கும் இதையேதான் கேட்கிறேன்.

அந்த ஜூனியர் அடுத்து ஏசிஎல்எஸ் என்னும் மேல்நிலை உயிர்காப்புப் பயிற்சி படிக்கவேண்டும் என்கிறாள், இரண்டு நாள் வகுப்பு. அந்த இரண்டு நாளையும் டூட்டியாகக் கணக்கு வைக்கச் சொல்லி நர்சிங் சூப்பரிண்டெண்டிடம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஐசியுவில் உள்ள அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ்,
மதுரை