திருவையாறில் அம்மாவைத் தாங்கிய அக்காவுக்கு நன்றி

2025 பொங்கல் விடுமுறையில் குடும்பத்தோடு திருவையாறு போனோம். ஜனவரி 18, தியாகராஜர் ஆராதனை. பஞ்சரத்ன கீர்த்தனைகளைக் கூட்டத்தோடு உட்கார்ந்து பாட வேண்டும் என்பது அம்மாவின் பல வருட ஆசை.

நாட்டை, கௌளை ராகக் கீர்த்தனைகளை எல்லாம் நன்றாகவே பாடினார். ஆரபி போய்க்கொண்டிருந்தபோது தொடையில் தட்டிக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. அப்படியே என் தோளில் சாய்ந்தார். காலையில் வெறும் காபி மட்டும்தான் குடித்திருந்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பின்னால் உட்கார்ந்திருந்த நீங்கள்தான் முதலில் எழுந்தீர்கள். கடுகு நிறச் சேலை, கையில் ஓரம் மடங்கிய பாட்டுப் புத்தகம். அந்தப் புத்தகத்தாலேயே விசிறி, அம்மாவை ஓரமாகப் படுக்கவைத்து, கால்களைத் தூக்கி உங்கள் பையின் மேல் வைத்தீர்கள். கண் விழித்ததும் ஃபிளாஸ்க் மூடியில் சர்க்கரையும் உப்பும் கரைத்து மெல்ல மெல்லக் கொடுத்தீர்கள். ஸ்ரீராகம் தொடங்கியபோது அம்மா எழுந்து உட்கார்ந்தார். அவர் பாட, கூடவே நீங்களும் பாடினீர்கள். அந்தச் சில நிமிடங்களை மறக்கவே முடியாது, அக்கா.

பெயர் கேட்டேன், சொல்லவில்லை. "முடிஞ்சா ரத்தம் குடுங்க தம்பி, தலசீமியாங்கிற ரத்த நோய் இருக்கிற பிள்ளைங்களுக்கு மாசாமாசம் ஏத்தணும்" என்றீர்கள். அப்புறம் கூட்டத்தில் காணவில்லை.

பிப்ரவரியில் நானும் தங்கையும் முதல் முறையாகக் கொடுத்தோம், ஆளுக்கு 350 மில்லி. ஆண்கள் 3 மாதம், பெண்கள் 4 மாதம் இடைவெளி விட வேண்டுமாம். அன்றிலிருந்து தவணை தவறவில்லை. அம்மா நலமாக இருக்கிறார். அடுத்த ஆராதனைக்கும் வருவோம், அக்கா. அதே பக்கம்தான் உட்காருவோம்.