தேன்சிட்டுப் படத்தைக் கேட்டாயே, பாப்பா

பாப்பா,

நேற்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாய், நம் ஹாலில் மாட்டியிருந்த தேன்சிட்டுக் குஞ்சுகள் படத்தை ஸ்கேன் பண்ணி அனுப்புங்கள் அப்பா, ஆஸ்திரேலியாவில் பெர்த் வீட்டுச் சுவரில் பெரிதாகப் போட்டு மாட்ட வேண்டும் என்று. பார்க்கிறேன் என்று மட்டும் பதில் போட்டேன். ராத்திரி தூக்கமே வரவில்லை. அந்தப் படத்தை நான் அனுப்பப் போவதில்லை மா. ஏன் என்று உன்னிடம் சொல்ல இருபது வருஷத்துக்கு மேலாக எனக்கு வாய் வரவில்லை, இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

இங்கே சிங்கப்பூரில் நம் ஈசூன் வீட்டு வாசலில் அம்மா வைத்திருந்த காகிதப்பூச் செடி ஞாபகம் இருக்கிறதா? அதில்தான் அந்தக் கூடு. பெண் சிட்டு தனியாகவே கட்டியது. காய்ந்த புல், நார், சிலந்தி வலை எல்லாம் சேர்த்துப் பாட்டியின் சுருக்குப்பை மாதிரி தொங்கும், பக்கவாட்டில் ஒரு சின்ன வாசல், வாசலுக்கு மேலே மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்கக் கூரை போல ஒரு நீட்டல். உள்ளே இரண்டு குஞ்சு. நீ பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் அங்கேதான் நிற்பாய். எனக்கோ படம் சரியாக அமையவில்லை. இலைகள் வாசலை மறைத்தன, குஞ்சுகளின் வாய் இருட்டில் போய்விட்டது. ஒரு சனிக்கிழமை காலை சமையலறைக் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து மூன்று கொப்புகளை நறுக்கிவிட்டேன். வெளிச்சம் நேராக உள்ளே விழுந்தது. ஒரு ரோல் பிலிம் முழுக்க, 36 படம், அங்கேயே நின்று எடுத்தேன். நீ கேட்கிற படம் அதில் ஒன்று. இரண்டு வாயும் அகலத் திறந்து, உள்ளே ஆரஞ்சு நிறம், ஓரத்தில் தாயின் வளைந்த அலகு மட்டும்.

மறுநாள் மத்தியானம் பார்த்தால் கூட்டின் அடிப்பக்கம் கிழிந்து தொங்குகிறது. காக்காயா மைனாவா, நான் பார்க்கவில்லை. இலை இருந்தவரை யார் கண்ணிலும் படாத கூடு அது, நான்தான் காட்டிக்கொடுத்தேன். தாய்ச் சிட்டு அலகில் ஒரு சிலந்தியோடு வந்து கூட்டுக்கு முன்னால் சிறகடித்துக்கொண்டே நின்றது, கம்பியில் போய் உட்கார்ந்தது, மறுபடியும் வந்தது, சாயங்காலம் வரைக்கும் அப்படித்தான். உன்னிடம் "குஞ்செல்லாம் பறந்து போச்சு பாப்பா" என்றேன். நீ கை தட்டினாய். அம்மா குப்பைக்கூடையில் அந்தக் கொப்புகளைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம் அவளேதான் படத்துக்குச் சட்டம் போட்டு மாட்டினாள், உனக்குப் பிடித்த படம் என்று.

நீ இப்போது பெரிய லென்ஸ் வாங்கிப் பறவைகளின் பின்னால் போகத் தொடங்கியிருக்கிறாய், அதனால்தான் இனியும் மறைக்கக் கூடாது என்று தோன்றியது. போன மாதம் இங்கே ஒரு பூங்காவில் பத்துப் பதினைந்து பேர் கேமராவுக்கு முக்காலி போட்டு வரிசையாக நிற்கிறார்கள், ஒருவர் உயிர்மீனைத் தண்ணீரில் விட்டு மீன்கொத்தியை வரவழைக்கிறார். கிட்டே போய், அண்ணே வேண்டாம் என்று சொன்னேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது, போகட்டும். 2020 ஜூன் மாதத்திலிருந்து காட்டுயிர்களுக்குத் தீனி போட்டால் முதல் தடவையே 5,000 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம் உண்டு. சட்டம் வந்தது நல்லதுதான். ஆனால் அன்றைக்கு நம் வாசலில் நான் கத்தரிக்கோல் பிடித்ததை எந்த அதிகாரி வந்து பார்த்திருப்பார்?

அதற்கப்புறம் நான் கூட்டின் பக்கம் கேமராவைத் திருப்பியதே இல்லை. கட்டடம், கடல், ரயில் பாதை என்று போய்விட்டேன். சவுத் பிரிட்ஜ் ரோடு மாரியம்மன் கோயிலில் 2023 பிப்ரவரி கும்பாபிஷேகத்துக்கு முன்னால் திருப்பணி நடந்தபோது, சாரம் கட்டியிருக்கிறதே, பிரித்த பிறகு எடுத்தால் கோபுரம் முழுசாக வருமே என்று நண்பர்கள் சொன்னார்கள். 1827இல் மரமும் அத்தாப்பு ஓலையுமாகத் தொடங்கிய கோயில் அது, எத்தனை கைகள் பட்டு இந்த உருவத்துக்கு வந்திருக்கும், அந்தக் கைகள் வேலை செய்கிற நேரத்தை விட்டுவிட்டு எதை எடுப்பது? சாரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒருவர் சிலைக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்க நடைபாதையில் நின்று அவர் தலை திரும்பும் வரை காத்திருந்தேன். சாரத்துக் கம்பு ஒன்று அவர் தோளுக்குக் குறுக்கே விழுந்தது, அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

உன் சுவருக்கு நான் அனுப்புவது புலாவ் உபின் தீவில் இருக்கிற செக் ஜாவா கடற்கரைப் படம். 2001இல் அந்த இடத்தை மண் கொட்டி மூடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஜனம் திரண்டு போய்ப் பார்த்தது, நானும் போனேன், நட்சத்திரமீனை முதன்முதலில் கிட்டத்தில் பார்த்தது அங்கேதான். அந்த டிசம்பரில் திட்டத்தை ஒத்திவைத்தார்கள். 2007இல் மரப்பாதை போட்டபின் அதை விட்டு நான் கீழே கால் வைப்பதில்லை. இந்தப் படத்துக்காக ஏழு தடவை போனேன். மேகம் மூடும், இல்லையென்றால் தண்ணீர் சீக்கிரம் ஏறிவிடும். ஏழாவது தடவை கடல் நன்றாக வற்றி, கடற்புல் ஒரே பக்கமாகப் படுத்திருந்தது, மணலில் அலையின் வரி வரியான தடம், தூரத்தில் ஒரு நாரை நகத்தளவுக்குத்தான் தெரியும். சுவரில் மாட்டிய பிறகும் அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

சிட்டுப் படத்தின் நெகட்டிவ் என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. இதெல்லாம் தெரிந்த பிறகும் வேண்டும் என்று நேரில் வந்து கேட்டால் தருகிறேன், மாட்டேன் என்று சொல்ல மாட்டேன். கோபம் வந்தால் கோபப்படு மா.

டிசம்பரில் வரும்போது ஒரு நாள் எனக்கென்று ஒதுக்கிவை. உனக்கும் எனக்கும் கடிகாரம் ஒன்றுதான், ஆனால் அந்த மாதம் உங்கள் ஊரில் ஐந்து மணிக்கே விடிந்துவிடுகிறது, இங்கே ஏழு ஆகும், அதனால் தூங்கி எழுந்தே வரலாம். கடல் அரை மீட்டருக்குக் கீழே வற்றுகிற நாளாகப் பார்த்துச் சொல்கிறேன். சாங்கியில் உபினுக்குப் போகிற பம்போட் படகு பன்னிரண்டு பேர் சேர்ந்தால் கிளம்பிவிடும். முக்காலி தூக்கிக்கொண்டு வராதே, என்னுடையது போதும்.

அப்பா