‘மனைவி’ என்று எழுதி முடிக்கப்பட்டவர்கள்

பேராசிரியர் கிளாடியா கோல்டின் அவர்களுக்கு,

வணக்கம். 2023இல் பொருளாதார நோபல் அறிவிக்கப்பட்டபோது, அதைத் தனியாகப் பெறும் முதல் பெண் நீங்கள் என்பதைத்தான் எல்லோரும் பேசினார்கள். என் மனதில் தங்கிப்போனதோ பழைய அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நீங்கள் நம்ப மறுத்த ஒரு சொல்.

திருமணமான பெண்ணின் தொழில் என்ன என்ற இடத்தில் பல நேரம் ‘மனைவி’ என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். கணவனோடு வயலில் இறங்கியவளும் மனைவிதான், குடும்பத் தொழிலில் பாதி பாரம் சுமந்தவளும் மனைவிதான். நீங்கள் நேரப் பயன்பாட்டுக் கணக்குகளையும் தொழிற்சாலைப் புள்ளிவிவரங்களையும் தேடியெடுத்து ஒப்பிட்டீர்கள். 1890களின் கடைசியில் வேலை செய்த மணமான பெண்களின் விகிதம், பதிவேட்டில் இருந்த அளவைப்போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு! அதைப் படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

கார்னெல் பல்கலைக்கழகத்துக்கு நுண்ணுயிரியல் படிக்கப் போனவர் நீங்கள். அங்கே பேராசிரியர் ஆல்ஃபிரட் கானின் வகுப்பு பொருளாதாரத்துக்கு இழுத்துவந்தது. 1972இல் சிகாகோவில் முனைவர் பட்டம், அப்புறம் 1990இல் ஹார்வர்ட் பொருளாதாரத் துறையில் நிரந்தரப் பதவி பெற்ற முதல் பெண்.

பொருளாதார அறிஞர் லாரன்ஸ் காட்ஸுடன் மருந்தாளுநர்களைப் பற்றி நீங்கள் செய்த ஆய்வைத்தான் நான் அடிக்கடி எடுத்துப் படிக்கிறேன். ஒரு மருந்தாளுநர் வீட்டுக்குப் போனால் அடுத்தவர் கணினியில் நோயாளியின் விவரத்தைப் பார்த்து மருந்து கொடுத்துவிடுகிறார். அதனால் குறைந்த நேரம் வேலை பார்ப்பவருக்கும் ஒரு மணி நேரத்துக்கான சம்பளம் பெரிதாக அடிபடுவதில்லை. வழக்கறிஞருக்கு அப்படியில்லை. இரவு பத்து மணிக்குக் கட்சிக்காரர் கூப்பிட்டாலும் அவரேதான் எடுக்க வேண்டும், பணமும் அந்த நேரத்துக்குத்தான் கொட்டுகிறது. இதைப் ‘பேராசை பிடித்த வேலை’ என்கிறீர்கள். மிகச் சரியான பெயர்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. பத்து மணி அழைப்பை அவர் எடுக்க முடிவது, காய்ச்சலில் கிடக்கும் குழந்தையின் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்திருப்பதால்தானே? பெரும்பாலும் அது மனைவி. அந்த இரவுக்கான சம்பளம் முழுக்க வழக்கறிஞர் பெயரில் வருகிறது. உங்களைப்போல் ஏடுகளைத் துருவிப் பார்க்கத் தெரிந்த ஒருவர், அந்த மணி நேரங்களை எந்தக் கட்டத்தில் எழுதச் சொல்வீர்கள்? உங்கள் மாணவர்களில் யாராவது இதைக் கையில் எடுத்திருந்தால் அந்த ஆய்வைப் படிக்க ஆசையாக இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் வாசகி