மருந்தடித்த ஆப்பிளில் சைடர் போடலாம் மக்களே

தக்கலை

அன்புள்ள மகளுக்கு,

அங்கே கூடைக் கணக்கில் ஆப்பிள் கிடைக்கிறது, ஆனால் எல்லாம் மருந்தடித்து வளர்த்தது, அதில் சைடர், அதாவது ஆப்பிள் சாற்றைப் புளிக்கவைத்த மது, போடலாமா என்று கேட்டிருந்தாய். தாராளமாகப் போடு மக்களே.

மருந்தைவிட அழுகலுக்குத்தான் நான் பயப்படுவேன். அழுகிய ஆப்பிளில் பிடிக்கும் நீலப்பச்சைப் பூஞ்சணம் பாட்டுலின் என்ற நஞ்சை விடும். சாற்றைக் கொதிக்க வைத்தாலும் அது போகாது. அழுகல் கண்ட பழத்தைத் தயங்காமல் தூரப் போடு. ஆடு மாடு மேய்கிற தோப்பில் தரையில் கிடந்ததையும் எடுக்காதே.

மருந்துக்கு வழி இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் 10 கிராம் ஆப்ப சோடா கரைத்து, பழத்தை 15 நிமிடம் ஊறப்போட்டு, நல்ல தண்ணீரில் தேய்த்துக் கழுவு. 2017-இல் அமெரிக்காவில் காலா என்ற ரக ஆப்பிளை வைத்து இதைச் சோதித்திருக்கிறார்கள். தோலின் மேலே இருக்கிறதில் பெரும்பகுதி போய்விடுகிறது. உள்ளே இறங்கிய கொஞ்சம் போகாது, அதையும் தெரிந்துகொள்.

அப்புறம் சாற்றைப் புளிக்கவைக்கிற ஈஸ்ட். அதுவும் பூஞ்சை இனம்தானே, பூஞ்சைக்கு அடித்த மருந்து அதையும் சும்மா விடாது. பாட்டா பனையேறிய காலத்தில் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவினால் அக்கானி (பதநீர்) அக்கானியாகவே இருக்கும். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் நுரைத்துக் கள்ளாகிவிடும். உன் பழத்தில் ஒட்டியிருக்கும் மருந்தும் கொஞ்சம் அந்தச் சுண்ணாம்பு வேலையைத்தான் பார்க்கும். ஆகவே தோலில் தானாக இருக்கும் ஈஸ்ட்டை நம்பாதே. சைடர் ஈஸ்ட் வாங்கிப் போடு, 5 கிராம் பொட்டலம் 20 லிட்டருக்குத் தாராளம். பழம் போதாமல் கடை ஜூஸ் சேர்ப்பதாக இருந்தால், பொட்டாசியம் சோர்பேட் இல்லாததாகப் பார்த்து வாங்கு. அது இருந்தால் ஈஸ்ட் பெருகாது.

தின்கிற ஆப்பிளில் துவர்ப்பு குறைவு, சைடர் சப்பென்று இருக்கும். ஒரு கப் கடுந்தேயிலைச் சாயம் ஊற்றிக்கொள். பிராம்லி என்ற புளிப்பு ஆப்பிள் கிடைத்தால் புளிப்புக்கு நாலைந்து போடு. வீட்டிலிருந்து கொண்டுபோன கருப்பட்டி இருக்கிறதே என்று அதைப் போட்டுவிடாதே, ஆப்பிள் வாசனையே அமுங்கிப்போகும்.

பாட்டிலில் அடைப்பதில் மட்டும் அவசரம் கூடாது. சாற்றின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.050-இல் தொடங்கினால் 1.000-க்கு வந்து, சில நாள் விட்டுப் பார்த்தாலும் அசையாமல் நிற்க வேண்டும். அதற்கு முன்னால் இறுக்கி மூடினால் உள்ளே வாயு ஏறிக் கண்ணாடி வெடிக்கும். முகத்துக்கு நேரே நடந்தால் கண் போய்விடும் மக்களே. பொறுத்திருந்து அடை.

அந்தக் கணக்குக்கு ஆல்கஹால் 6 சதவீதத்துக்கு மேலேயே இருக்கும். நைட் டியூட்டி உள்ள நாளில் தொடாதே.

ஈஸ்ட் போட்ட மறுநாள் நுரை வந்ததா என்று போன் பண்ணு. அம்மாவும் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா