குழாயின் நுனி அல்ல, அது வெளியே வரும் இடம்

அன்புள்ள சிவம் அண்ணைக்கு,

நேற்று ஃபோனில் கேட்டீர்கள், சிறுநீரகம் செய்யும் வேலைக்குப் பதிலாக வயிற்றுக்குள் மருந்துத் தண்ணீர் விட்டு வடித்து இரத்தத்தைச் சுத்தப்படுத்துகிற டயாலிசிஸுக்கு வைக்கும் குழாயில், அதாவது கதீற்றரில், நேர் நுனி நல்லதா, சுருள் நுனி நல்லதா என்று. நான் பஸ்ஸில் நின்றபடியால் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை.

இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான். 1968இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஹென்றி டெங்க்கோஃப் என்ற வைத்தியர் கொண்டுவந்த சிலிக்கோன் குழாய். அதில் டாக்ரான் என்ற செயற்கை இழையால் செய்த இரண்டு வளையங்கள் இருக்கும். ஒன்று வயிற்றுத் தசைக்குள், மற்றது தோலுக்குச் சற்று உள்ளே. சதை அந்த இழைக்குள் வளர்ந்து பிடித்துக்கொள்ளும். குழாய் அசையாது, கிருமியும் இலேசில் உள்ளே போகாது. சுருள் நுனி அப்புறம் வந்தது. தண்ணீர் ஒரே இடத்தில் பீச்சியடிக்காது, குழாய் இடம் மாறாது என்று நம்பினார்கள். ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில் அது நிற்கவில்லை. சிலவற்றில் நேர் நுனிதான் அதிக காலம் உழைத்தது. அதனால் உங்கள் சத்திரசிகிச்சை வைத்தியருக்குக் கை பழகியது எதுவோ அதையே வைக்கட்டும்.

நீங்கள் கேட்க வேண்டியது வேறு: குழாய் வயிற்றில் எந்த இடத்தால் வெளியே வரும்?

எனக்கு அந்த இடத்தைப் படுக்கவைத்துக் குறித்தார்கள். வீட்டுக்கு வந்து எழுந்து நின்று சாரம் கட்டினால், முடிச்சு சரியாக அந்தத் துளைக்கு மேலே. குனிந்து நிமிரும்போதெல்லாம் உரசும். மூன்றாம் மாதம் தோல் சிவந்தது. காலையில் கோஸ் துணியைப் பிரித்தால் மஞ்சள் பொருக்கு குழாயோடு ஒட்டிக்கொண்டு வரும். மனைவி விளக்கைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நிற்பா. அந்தத் தொற்று ஆற எத்தனை கிழமை போனது என்று உங்களுக்கே தெரியும்.

துளை பக்கவாட்டாகவோ கீழ்நோக்கியோ இருக்க வேண்டும். மேல்நோக்கி இருந்தால் வியர்வையும் அழுக்கும் அதற்குள் தேங்கும். நேர்க் குழாயை உள்ளே பலவந்தமாக வளைத்து வைத்தால் அது நிமிரத்தான் பார்க்கும். நுனி இடுப்புக்குழியை விட்டு எழும்பும், அல்லது வெளிவளையம் தோலைத் தள்ளிக்கொண்டு வரும். இதற்காகத்தான் 1980களில் அன்னத்தின் கழுத்துப்போல வளைத்தே வார்த்த குழாய் வந்தது. தொற்றை அது நிச்சயம் குறைக்கும் என்று ஆய்வுகள் சொல்லவில்லை. ஆனாலும் கீழ்நோக்கி வெளியே எடுக்க வசதியான அமைப்பு. உங்களைப்போல வயிறு மடிந்து விழுகிறவர்களுக்கு நீட்டுக் குழாய் பொருத்தி, தொப்புளுக்கு மேலே, தேவையென்றால் நெஞ்சிலேகூட, வெளியே எடுக்கலாம். எங்கே எடுத்தாலும் நீங்களே குனிந்து பார்த்துத் துடைக்கக்கூடிய இடமாக இருக்க வேண்டும்.

இன்னொன்று. மலச்சிக்கலை விடாதீர்கள். குடல் நிறைந்தால் குழாயை நெருக்கும், தண்ணீர் வடியாது. பாதிப் பேர் குழாய் பழுது என்று பயப்படுவது இதற்குத்தான் என்று எனக்குப் படுகிறது. கீரிமலைக் கேணியில் முங்குவதும் இனி வேண்டாம் அண்ணை. அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை கிளினிக்குக்குக் காற்சட்டையோடு மட்டும் போகாமல், வீட்டில் கட்டுகிற சாரத்தைக் கையோடு கொண்டுபோங்கள். அதைக் கட்டிக்கொண்டு நின்றும் இருந்தும் காட்டுங்கள். அப்படிப் பார்த்துப் பேனையால் அடையாளம் போட்ட பிறகுதான் அங்கிருந்து எழும்புங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி